ஐந்து இருபத்தைந்து பஸ்ஸும் நஸீமின் கோல்களும்

முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தேன். அதில் கடைசிப் பதினொரு வருடம் மாம்புரியில். வீடு மதுரங்குளியில். பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு நேராகப் போகும் கடைசி பஸ் மாலை 5.25க்கு. அந்தப் பதினொரு வருடத்தில் முன்னேற்பாடு எதுவுமில்லாமல் நான் அதைத் தவறவிட்டது ஒரேயொரு நாள்தான். அந்த நாளைப் பற்றியும், அதற்கு முன்னர் ஒரு பிள்ளைக்கு நான் சொன்ன புத்தியைப் பற்றியும் இப்போது தொழிலுக்கு வரும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

1. நூற்று அறுபத்தெட்டு மணித்தியாலம்

யுத்தம் முடிந்து நான்காவது வருடம். மே மாதம், தெற்கிலிருந்து வீசும் காற்று தொடங்கியிருந்தது. வெங்காயத் தோட்டம் செய்யும் காசிம் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகன் நஸீம் பதினோராம் வகுப்பு, என் வகுப்புப் பிள்ளை. பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியில் முன்வரிசையில் விளையாடுகிறவன். கணிதத்தில் கடைசித் தவணைக்கு எடுத்தது 22 புள்ளி. டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை.

"சேர், இவனுக்கு ஒரு புத்தி சொல்லுங்க. கொழும்பில ஒரு பெரிய பள்ளிக்கூடத்தால பந்தடிக்கிற புள்ளைகளப் பாக்க வருவாங்களாம். புடிச்சா உயர்தரத்துக்கு அங்கேயே எடுப்பாங்களாம், தங்குற எடமும் குடுப்பாங்களாம். இவன் அந்த நெனப்பிலேயே இரிக்கான்."

"கணிதம் பாஸ் பண்ணாமல் எடுக்க மாட்டார்களே?"

"அதத்தான் சேர் நானும் சொல்ற."

"அவ்வளவுக்கு நன்றாக விளையாடுகிறானா?"

காசிம் நிலத்தைப் பார்த்தார். "எனக்கெண்டா அப்படித் தெரியல்ல சேர்."

பெற்ற தகப்பனே அப்படிச் சொன்ன பிறகு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அன்றே நேரசூசி ஒன்று தயாரித்தேன். கிழமைக்கு 168 மணித்தியாலம். நித்திரை 56, பள்ளிக்கூடம் 30, சாப்பாடும் குளிப்பும் 14, தொழுகையும் ஓதலும் பத்தரை, தோட்டத்தில் வாப்பாவுக்கு உதவி 7. மிகுதி ஐம்பதரை. அதில் படிப்புக்கு 42, பந்துக்கு எட்டரை.

நஸீம் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

"கூட்டாளிமாரோட கதைக்கிற நேரம் எங்க சேர்?"

"சாப்பிடும்போது கதை."

ஒன்பது நாள் அந்தத் தாளின்படி நடந்தான். அதில் நான்கு நாள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வந்தான். விசாரித்தேன்.

"நேரசூசில நடக்கிற நேரம் இல்லயே சேர். வீட்டுல இரிந்து இங்க வர நாப்பது நிமிசம்."

அன்று நான் பாடம் படித்திருக்க வேண்டும். தாளைக் கிழித்துவிட்டு, இந்தப் பிள்ளையைத் திருத்த நேரசூசி போதாது, புள்ளிவிபரம் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

2. பச்சைக் கொப்பி

எண்பது பக்கக் கொப்பி ஒன்றில் நிரல்கள் கீறினேன். திகதி, எதிரணி, நஸீம் அடித்த கோல், எந்தப் பக்கக் கம்பத்துக்கு அடித்தான். எங்கள் மைதானம் தெற்கு வடக்காகக் கிடக்கிறது. காற்று மாதங்களில் தெற்குப் பக்கமிருந்து அடிக்கிற அடியில் பந்து தானாகவே வடக்குக் கம்பத்தைத் தேடிப் போகும். ஆகவே நான்காவது நிரல்தான் முக்கியம்.

ஆட்டம் 4.45க்குத் தொடங்கும். 5.15 ஆனதும் நான் குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஹோல்ட்டுக்கு நடந்துவிடுவேன். ஹோல்ட் மைதானத்துக்கு எதிரேதான், ஆனால் வேலியைச் சுற்றிப் போக நடை ஆறு நிமிடம், எச்சரிக்கைக்கு நான்கு நிமிடம். பஸ் பிந்திய இரண்டு நாட்களில் ஹோல்ட்டில் நின்றபடியே பார்த்து எழுதினேன். கையிலுள்ள நேரத்தை நான் ஒருநாளும் வீணாக விட்டதில்லை.

பதினான்கு ஆட்டங்களில் நான் எழுதிய கோல்கள் 19. வடக்குக் கம்பத்துக்கு 17, தெற்குக் கம்பத்துக்கு 2. நஸீமை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டுக் கொப்பியை மேசையில் விரித்தேன்.

"மகன், இது நீ அடிச்ச கோல் இல்ல. காத்து அடிச்ச கோல். எண்பத்தொன்பது வீதம்."

அவன் கொப்பியைத் தன் பக்கம் திருப்பினான். பிறகு கேட்டான்: "எண்பத்தொன்பது எப்படி சேர் வந்த?"

இரண்டு வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட முதலாவது கணிதக் கேள்வி அது. பதினேழைப் பத்தொன்பதால் பிரித்து நூறால் பெருக்கிக் காட்டினேன். தலையாட்டினான். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போய்விட்டான். புத்தி ஏறிவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் மனைவியிடமும் சொன்னேன்.

3. பஸ் போன நாள்

செப்டெம்பரில் கொழும்புப் பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர் வந்தார். யுத்த காலத்தில் வராத மன்னார்ப் பக்க அணிகள் அப்போது வரத் தொடங்கியிருந்தன. அன்று அப்படி ஓர் அணியோடுதான் ஆட்டம். விளையாட்டு ஆசிரியருக்கும் எனக்கும் வேலியோரம் இரண்டு கதிரை போட்டிருந்தார்கள். முதல் பாதியில் நஸீம் இரண்டு கோல் அடித்தான். இரண்டும் வடக்குக் கம்பத்துக்கு. எழுதிக்கொண்டேன்.

5.15க்கு நான் எழும்பியதும் அவர் கேட்டார். "நீங்கதானே மாஸ்டர் வகுப்பாசிரியர்? பொடியன் எப்படி?"

நான் பொய் சொல்கிறவன் அல்ல. கொப்பியை நீட்டினேன். "காத்தோட மட்டும்தான் அடிப்பான். வீதமும் போட்டிருக்கிறேன்."

அவர் இரண்டு பக்கம் புரட்டினார். "எங்கட கிரவுண்டில காத்துக் கெடைக்காதே மாஸ்டர்" என்று சொல்லித் தன் பையின் சிப்பை இழுத்து மூடினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் காசிம் நின்றார். அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்திருந்தார், காலில் சேறு காயவில்லை. எல்லாம் அவர் காதில் விழுந்துவிட்டது. இடைவேளையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நஸீமின் காதிலும் விழுந்தது. அவன் போத்தலை வைத்துவிட்டு வந்தான்.

"கோவிச்சுக்காதீங்க சேர். நீங்க பஸ்ஸுக்குப் போன பொறவும் மெட்ச் நடக்கிற."

பின்னால் நின்ற கோல்காப்பாளன் சிரித்துவிட்டான். "சேர் பாத்ததெல்லாம் அரை மெட்ச்தானே! அதுக்கு முழு வீதம்!"

"வாயப் பொத்துங்கடா!" என்றார் காசிம். "சேரோட கதைக்கிற கதையா இது?"

பிறகுதான் எனக்கு விளக்கினார்கள். எங்கள் மைதானத்தில் டொஸ் போடுவதில்லை. பொழுது சாயச் சாயக் காற்று விழுந்துவிடலாம் என்பதால் முதல் பாதிக் காற்று எப்போதும் ஊர் அணிக்கு. நாங்கள் மற்ற ஊர்களுக்குப் போனால் அது அவர்களுக்கு. நான் பார்த்த பதினான்கு முதல் பாதியிலும் நஸீம் வடக்கு நோக்கித்தான் விளையாடியிருக்கிறான். தெற்குக் கம்பத்துக்கு என்று எழுதிய இரண்டும் பஸ் பிந்திய நாட்களில் ஹோல்ட்டிலிருந்து கண்டவை. பாதியில் பக்கம் மாறுவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் என் கொப்பியில் அதற்கு நிரல் இருக்கவில்லை.

விளையாட்டு ஆசிரியர் பையைக் கீழே வைத்தார். "அப்ப மிச்சத்தையும் பாப்போம்."

ஹோல்ட்டில் பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. கண்டக்டருக்கு என்னைத் தெரியும். மிதிபலகையில் நின்று கத்தினான்: "சேர், வாறீங்களா இல்லையா?"

"போ!" என்று கை காட்டினேன். அவன் நம்பாமல் இன்னும் ஒரு நிமிடம் நின்றான்.

இரண்டாம் பாதியில் எங்கள் கோல்காப்பாளன் உயர்த்தி அடித்த பந்து நடுக்கோட்டுக்குக்கூடப் போகாமல் அவனிடமே திரும்பியது. நஸீம் பந்தை நிலத்தைவிட்டு உயர்த்தவேயில்லை. குனிந்து, ஒட்டி ஒட்டிக் கொண்டுபோனான். இருபத்தாறாவது நிமிடத்தில் இரண்டு பேரைத் தாண்டிப் பந்தைத் தரையோடு பக்கத்தில் தள்ளினான். வேறொருவன் கோல் அடித்தான்.

"இந்தப் பாதியில அவன் அடிக்கல்லயே" என்றார் விளையாட்டு ஆசிரியர்.

"அந்தப் பந்தைக் கொடுத்தது யார்? அதைக் கணக்கில் எடுக்க மாட்டீர்களா?" என்று கேட்டது நான்தான். அதற்கும் என் கொப்பியில் நிரல் இல்லை.

அவர் சிரித்தார். "எடுத்துட்டேன் மாஸ்டர். பொடியன்ட ஆட்டம் எனக்குப் போதும். கணிதம் பாஸ் பண்ண வேணும். அது ஒங்கட கையில."

4. மற்றப் பாதி

காசிம் தன் மோட்டார் சைக்கிளில் என்னை மதுரங்குளிக்கு ஏற்றிப் போனார். பின்னால் நானும் எனக்குப் பின்னால் ஒரு வெங்காயச் சாக்கும். பாலாவிச் சந்தியில் வேகத்தைக் குறைத்தார்.

"சேர், நீங்க மொதப் பாதிதான் பாத்தீங்க. நான் ரெண்டாம் பாதிதான் பாக்கிற. அஞ்சு மணி வரைக்கும் தோட்டத்துக்குத் தண்ணி அடிக்கணும்."

"அப்போ அவன் காத்தோடு அடித்ததை நீங்கள்..."

"கண்டதே இல்ல. பொடியனுகள் சொல்லுவானுகள், நான் நம்பிறதில்ல. நான் பாக்கிற நேரம் காத்துக்கு எதிரா கிடந்து முக்குவான், ஒரு கோல் அடிக்கவே உயிர் போகும். பாவமா இரிக்கும். இவன் எங்க பந்தடிச்சு வரப்போற எண்டுதான் ஒங்ககிட்ட வந்தேன்."

அவனுக்குப் புத்தி சொன்னவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் ஒரு முழு ஆட்டம் பார்த்திருந்தோம்.

மறுநாள் நஸீமிடம் பச்சைக் கொப்பியைக் கொடுத்துத் திருத்தச் சொன்னேன். அணியின் பதிவைப் பார்த்து, நான் வீதம் போட்ட அந்தப் பதினான்கு ஆட்டங்களுக்கும் இரண்டாம் பாதியைச் சேர்த்துக்கொண்டு வந்தான். வடக்கு 17, தெற்கு 14, மொத்தம் 31. காற்றோடு அடித்தது ஐம்பத்தைந்து வீதம். வழியைக் காட்டச் சொன்னேன். நான்கு வரியில் காட்டினான், பிழையில்லை. அதன் பிறகு டிசம்பர் வரைக்கும் ஒவ்வொரு கிழமையும் அவனுடைய ஆட்டங்களிலிருந்தே கணக்குக் கட்டினோம். விகிதம், வரைபு, சராசரி எல்லாம் அந்த மைதானத்திலேயே கிடந்தன. முக்கோணமும் வட்டமுமாக வரும் கேத்திரகணிதம் மட்டும் கடைசிவரை ஒட்டவில்லை.

பரீட்சையில் கணிதத்துக்கு ‘S’ என்ற எழுத்து, சாதாரண சித்தி. அதற்கு மேல் ஓர் எழுத்தும் இல்லை, கீழேயும் இல்லை. கொழும்புப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது.

இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு பிள்ளைக்கு எண்களைக் காட்டிப் புத்தி சொல்வதானால், எத்தனை மணிக்கு வந்தேன், எத்தனை மணிக்கு எழும்பிப் போனேன் என்பதை முதல் நிரலில் எழுதுங்கள். பிள்ளை வாயெடுத்துச் சொல்லாமல் போனால், போக விடாதீர்கள்.

கொழும்புக்குப் போகுமுன் நஸீம் ஊரில் கடைசியாக ஓர் ஆட்டம் விளையாடினான். காசிம் தண்ணீர் அடிப்பதைக் காலையிலேயே முடித்துவிட்டு முதல் பாதிக்கே வந்தார். நான் மகளின் வீட்டுக்காரரை மோட்டார் சைக்கிளோடு வரச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதி முடியும்வரை இருந்தேன். வந்தது 4.45, போனது 5.55 என்று எழுதினேன்.

அன்று அவன் ஒரு கோலும் அடிக்கவில்லை.