பாத்ரூம் அலுமாரிக்கு இரண்டாவது டின்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். கடையை விட்டுவிட்டு மாமாவின் கல்யாணத்துக்கு வர முடியாது என்று சொன்ன அப்பா, அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் கிரிக்கெட் பார்த்ததைப் பக்கத்து வீட்டுக்காரி போட்டுக் கொடுத்துவிட்டாள். கூடப்பிறந்த தம்பியின் கல்யாணத்தில் தனியாக நின்ற அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. பள்ளிக்கூட லீவு விட்டதும் என்னையும் கூட்டிக்கொண்டு நாவலப்பிட்டிக்கு, தாய்வீட்டுக்கே போய்விடுவதாக முடிவு. திரும்பி வருவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

"சாப்பாடு மேசையில இருக்குன்னு ஒங்கப்பாகிட்ட சொல்லு" என்பாள் அம்மா. அப்பா பக்கத்தில்தான் நிற்பார். ஆனாலும் நான் போய்ச் சொன்ன பிறகுதான் அவருக்குக் காது கேட்கும். இந்தப் பதவியில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

சமாதானத்துக்கு அப்பா கண்டுபிடித்த வழி பாத்ரூம் அலுமாரி. அம்பிட்டியவில் நாங்கள் வீடு வாங்கியபோதே, கை கழுவும் பேசினுக்குக் கீழே அது இருந்தது. பலகையின் மேல் வழுவழுப்பான பிளாஸ்டிக் தகடு ஒட்டிய சாமான். பேசினைச் சுற்றியிருந்த மேல்தட்டும் அதே தகடுதான். சாயம்போன காப்பி நிறம். விருந்தாளிகளை உள்ளே அனுப்பவே அம்மா கூச்சப்படுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பிலிமத்தலாவையிலிருந்து வெள்ளை பெயின்ட் வாங்கி வந்து, ஒன்றும் யோசிக்காமல் பூசத் தொடங்கினார்.

அம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அதுமேல பெயின்ட் நிக்குமா? மொதல்ல சவுக்காரம் போட்டுக் கழுவி, சாண்ட் பேப்பரால தேய்க்கச் சொல்லு."

சொன்னேன்.

"தேய்ச்சா தகடு கீறிப் போகுமேன்னு கேளு" என்றார் அப்பா.

"கீறினாத்தான் பிடிக்கும்னு சொல்லு."

கைப்பிடிகளைக் கழற்றினார்கள், கழுவினார்கள், தேய்த்தார்கள், அடிப்பூச்சாகப் பிரைமர் பூசிக் காயவிட்டார்கள். அந்தச் சின்ன பாத்ரூமில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு நின்றோம். வெள்ளையின் முதல் பூச்சில், "அந்த மூலைய விட்டுட்டீங்க" என்றாள் அம்மா. நான் அப்பாவிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் மூலையைப் பூசியிருந்தார். என்னைத் தாண்டிப் பேச்சு போனது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் பூச்சில் ஒருமுறை சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

ஆனால் பாத்ரூமுக்கு வெளியே வந்தால் பழையபடி நான்தான். வேலை முடிந்ததும் உள்ளே பேசவும் ஒன்றுமில்லை. வெள்ளை அலுமாரி அழகாக இருந்தது, வீடு பழையபடி ஊமையாகிவிட்டது. அம்மா என் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

லீவு விட்ட அன்று கை கழுவப் போனேன். மேல்தட்டின் ஓரத்தை அம்மா கொண்டை ஊசியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஒழுங்காகத் தேய்த்துப் பூசியிருந்ததால் பெயின்ட் லேசில் வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மெனக்கெட்டு, ஒரு நகமளவு உரித்தெடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "பெயின்ட் உரிஞ்சி வருதுன்னு ஒங்கப்பாகிட்ட சொல்லு" என்றாள்.

நான் நேர்மையான தூதுவர். சொன்னதையும் சொன்னேன், பார்த்ததையும் சொன்னேன்.

"தானா உரியலப்பா. அம்மாதான் ஊசியால உரிச்சாங்க."

அப்பாவின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

"நீ சொன்னத அம்மாகிட்ட சொல்லிராத" என்றார். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

திரும்பி வந்தபோது கையில் புது டின். இளம்பச்சை. அம்மா மூடியைத் திறந்து பார்த்தாள்.

"இது வேற கலராச்சே. அப்ப முழுசையும் தேய்க்கணுமே."

"தேய்ப்போம்" என்றார் அப்பா.

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். நாவலப்பிட்டிக்கு எப்போது போவது என்று கேட்டேன். "பெயின்ட் வேல கெடக்கும்போது எப்படிப் போறது?" என்றாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நகமளவு இடத்துக்கு இத்தனை பாடா? ஓடிப்போய், படிக்கட்டின் கீழ் மிச்சமிருந்த வெள்ளை டின்னைத் தூக்கி வந்து அவர்கள் முன்னால் வைத்தேன். இதில் ஒரு சொட்டுத் தொட்டு வைத்தால் போதுமே என்றேன்.

"நீ சும்மா இரு" என்றார்கள், இரண்டு பேரும் ஒரே குரலில். இப்படி இரண்டு மக்குகளுக்குப் பிள்ளையாகப் பிறந்தோமே என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.