கை கழுவியதும் காணாமல் போன மச்சம்

“நாலு பேப்பர பொரட்டிப் பாக்கறதுக்கு இன்னாத்துக்கும்மா படிச்ச பொண்ணு? கேட்ல கீற வாட்ச்மேனே பாத்துடுவான்.”

எனக்கு வேலை கிடைத்தபோது எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் சொன்ன வாழ்த்து இது. எங்கள் ஊர் வல்லம் வடகால் பக்கம் ஒரு சிறிய குடியிருப்பு. அவர் எனக்கு உறவில்லை. ஊரே அண்ணன் என்று கூப்பிட்டதால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். இரண்டு வேன் வைத்துக்கொண்டு கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கான்ட்ராக்டர் அவர். நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அவருக்கான பதில் 2011-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், சுங்குவார்சத்திரத்துக்கு அருகே நான் வேலை பார்த்த கம்பெனியின் வாசலில், என் கையாலேயே எழுதப்படும் என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா அம்மா இருவருக்கும் கைநாட்டுதான். என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, வயது என்ன என்று கேட்ட டீச்சரிடம், “ஏரி ஒடஞ்ச வருசம் பொறந்துச்சுங்க” என்றாராம் அம்மா. டீச்சர் என் வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டேன். ஐந்து வயது முடிந்ததென்று எழுதி, ஜூன் மாதத்தில் ஒரு தேதியையும் அவரே போட்டுவிட்டார். இன்றும் என் பிறந்தநாள் அதுதான். கம்பெனிக்கு ஆள் எடுக்கும் நாளில் வரிசையில் நிற்கும் பெண்களில் பாதிப்பேர் ஜூன் முதல் வாரத்தில் பிறந்திருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். காதைத் தொட்டு வந்த கூட்டம்!

என் வேலை, வருகிறவர்களுக்குப் பதினெட்டு வயது நிரம்பிவிட்டதா என்று சான்றிதழைப் பார்த்து உறுதி செய்வது. நாங்கள் செய்தது செல்போன் சார்ஜருக்கான வயர். அதை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, குழந்தைகளைப் பற்றி ஒரு கையேடு அனுப்பியிருந்தது. குழந்தைகளைக் கடத்துவது, விற்பது, வேலையில் வைத்துச் சுரண்டுவது இவற்றையெல்லாம் தடுக்கப் பல நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டிருக்கின்றன, அந்தப் பொறுப்பு தங்கள் பொருளைச் செய்யும் ஒவ்வொருவருக்கும் உண்டு என்று அதில் இருந்தது. முழுக்க ஆங்கிலம். அலமாரியில் தூசு படிந்து கிடந்ததை, “நான் தமிழ்ல எழுதட்டுமா சார்?” என்று கேட்டு வாங்கினேன். எங்கள் அதிகாரி சந்தேகமாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

மூன்று மாதம், சாப்பாட்டு இடைவேளையில், ஒரு பழைய அகராதியோடு உட்கார்ந்தேன். வயது குறைந்த பிள்ளை ஒன்று தொழிற்சாலையில் கண்டுபிடிக்கப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பகுதிக்கு, அகராதியைப் பார்த்து முதலில் ‘பரிகாரம்’ என்று தலைப்பு வைத்தேன். படித்துப் பார்த்த செக்யூரிட்டி அக்கா, “இன்னாடி, வௌக்கு ஏத்தணுமா, எலுமிச்சம்பழம் சுத்தணுமா?” என்று கேட்டார். அதை அடித்துவிட்டு, ‘பிள்ளையைப் பத்திரமாகக் கரைசேர்ப்பது’ என்று எழுதினேன். அந்த ஒரு பக்கத்தை நான் எத்தனை முறை எழுதி எழுதி அடித்தேனோ, அத்தனை முறையும் அது என் மனதில் பதிந்துபோயிருக்க வேண்டும்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

காலை ஒன்பது மணி. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கான்ட்ராக்டர் அண்ணனின் வேனில் தெற்கத்திப் பெண்கள் ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். எங்களிடம் ஒரு நடைமுறை உண்டு. பள்ளியில் கொடுத்த மாற்றுச் சான்றிதழின் அசலைப் பார்ப்போம். அதில் அங்க அடையாளம் என்று இரண்டு எழுதியிருக்கும். ஆளும் பேப்பரும் ஒன்றுதானா என்று அதை வைத்துச் சரிபார்ப்போம். பிறகு அந்தப் பெண் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, சிறு துளைகள் உள்ள பலகையில் ஊசிகளை வேகமாகச் செருகிக் காட்ட வேண்டும். லைனில் வேலை செய்ய விரல் வேகம் முக்கியம். கடைசியில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு அசலைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாவதாக வந்தவள் ஒல்லியாக, கொஞ்சம் உயரமாக இருந்தாள். சான்றிதழ்படி பதினெட்டு வயது ஐந்து மாதம். பிறந்தது ஜூன், வேறென்ன! ‘வலது மணிக்கட்டின் மேல் ஒரு கறுப்பு மச்சம்’ என்றிருந்தது. கையை நீட்டினாள். மச்சம் இருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே பார்த்து டிக் அடித்தேன். ‘கழுத்தின் பின்புறம் ஒரு மச்சம்’ என்ற இரண்டாவதைப் பார்க்கக்கூட இல்லை. ஒன்று சரியாக இருந்தால் மற்றதும் சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு. அதற்கும் டிக்.

அவள் கை கழுவினாள். ஊசிகளை அப்படி ஒரு வேகத்தில் செருகினாள். பிறகு பதிவேட்டில் கையெழுத்துப் போட என் முன்னால் குனிந்தாள். பேனா பிடித்த கையைப் பார்த்தேன். மணிக்கட்டு பளிச்சென்று இருந்தது. மச்சம் இல்லை.

அவள் கையைப் பிடித்துத் திருப்பினேன். சோப்பு சரியாகப் படாத ஓரத்தில் மட்டும் மெல்லிய கறுப்புத் தீற்றல். கண்மை! அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். என் இரண்டு டிக்கும் பேப்பரில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. வாட்ச்மேனே பாத்துடுவான் என்ற வார்த்தை சரியாக அந்த நேரத்தில் காதில் கேட்டது. வாட்ச்மேன்கூட இன்னும் நன்றாகப் பார்த்திருப்பார்.

அவளைச் சான்றிதழ் அறைக்குள் அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். செக்யூரிட்டி அக்கா கதவருகே நின்றுகொண்டார்.

“உண்மைய சொல்லும்மா. இது யாரு சர்ட்டிபிகேட்?”

“எங்க அக்காவோடதுக்கா. அதுக்குக் கல்யாணம் ஆயிருச்சு.”

“உனக்கு எத்தன வயசு?”

“பதினாலு. எட்டாப்புக்குப் பெறகு போகல.” அழுகையை அடக்கிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். “என்னைய எப்படியாச்சும் எடுத்துக்கோங்கக்கா. இங்கன எடுக்கலேன்னா வெளிநாட்டுக்கு அனுப்பிருவேன்னு வேன்காரவுக சொன்னாக. அங்கன ஒரு வீட்டுல பிள்ள பாக்குற வேலையாம். பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எல்லாம் எடுத்தாச்சு. எங்கம்மாவுக்கு அது தெரியாது. கம்பெனி வேலைன்னுதான் அனுப்பிச்சு.”

அக்காவின் அந்த அசல் சான்றிதழ் இருந்தால் பதினாலு வயதுப் பிள்ளைக்குப் பதினெட்டு வயது பாஸ்போர்ட் எடுத்துவிடலாம். பிறகு அவள் எந்த ஊரில், எந்த வீட்டில், யாருடைய கையில் இருப்பாள் என்று அவளைப் பெற்றவளுக்கே தெரியாது. அந்தச் சான்றிதழோ இப்போது என் மேசையில் இருந்தது.

எங்கள் அதிகாரியிடம் ஓடினேன். கெட்ட மனிதரல்ல, பயந்தவர். “ரிஜெக்ட் போட்டு அனுப்பிடும்மா. கேட்டுக்கு வெளிய போயிட்டா நம்ம பொறுப்பு இல்ல” என்றார்.

“இல்ல சார். அனுப்பினாதான் நம்ம பொறுப்பு.” நான் மொழிபெயர்த்த கையேட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தை அவர் முன் வைத்தேன். வயது குறைந்த பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்பினால், அது இன்னும் மோசமான இடத்துக்குத்தான் போகும். அதனால் பாதுகாப்பான கையில் ஒப்படைக்கும்வரை அந்தப் பிள்ளை நம் பொறுப்பு. அவள் படிப்புச் செலவையும் கம்பெனி ஏற்க வேண்டும். இதுதான் அந்தப் பக்கத்தின் சாரம். “அப்புறம் சார், அந்த ரெண்டு டிக்கும் நான் பாக்காம அடிச்சது. ரிப்போர்ட்ல அதையும் எழுதிடறேன்” என்றேன்.

அவர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்து மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்குப் பேசினார். ஒரு மணி நேரத்தில் ஆள் வருவதாகச் சொன்னார்கள்.

அந்த ஒரு மணி நேரம்தான் நீளமானது. மற்ற நான்கு பெண்களையும் உட்காரவைத்து, மச்சங்களை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். நால்வருடையதும் சொந்த மச்சம்தான். ஒருத்தி கூச்சத்தில் சிரித்தே மாய்ந்துபோனாள். இதற்குள் வெளியே ஹாரன் சத்தம் விடாமல் கேட்டது. போனேன்.

“இன்னாம்மா, இம்மா நேரம்? எடுத்துக்கினா எடுத்துக்கோ, இல்லாங்காட்டி அனுப்பு. வண்டி நிக்குது” என்றார் அண்ணன்.

“அந்தப் பொண்ணு உள்ளதான் இருக்கும்ணே. நலக் குழுவுலேர்ந்து வராங்க.”

அவர் முகம் மாறியது. உடனே குரலைத் தாழ்த்தினார். “நம்மூரு பொண்ணு நீ. எனக்கே ஆப்பு வெக்கிறியா? உங்கப்பன் நாளைக்கி என் மூஞ்சில முழிக்க வாணாமா? சரி, பொண்ண வெச்சிக்கோ. பேப்பர குட்த்துடு.”

பேப்பர்தான் அவருக்கு வேண்டியது. பதிவேட்டைக் கொண்டுவந்து செக்யூரிட்டி மேசையில் விரித்தேன்.

“அசல் வாங்கினா கையெழுத்து போடணும்ணே. யாரு பேப்பர், அந்தப் பொண்ணு உங்களுக்கு இன்னா ஒறவு, எங்கேர்ந்து கூட்டினு வந்தீங்க, எல்லாத்தையும் எழுதிட்டு, கீழ உங்க பேர போடுங்க. குடுக்கலாமா வேணாமான்னு சார் முடிவு பண்ணுவாரு.”

அவர் பேனாவைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். செக்யூரிட்டி அக்கா தன் பங்குக்கு, “எழுதுங்கண்ணே, நாலு பேப்பருதான? வாட்ச்மேனே பாத்துக்குவேன்” என்றார். அண்ணன் என்னைச் சொன்னதை நான்தான் எப்போதோ அக்காவிடம் புலம்பியிருந்தேன்.

அண்ணன் கையெழுத்துப் போடவில்லை. வேன் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது. ‘கேட்டார், கையெழுத்திட மறுத்தார்’ என்று நேரத்தோடு எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு நடந்த விசாரணையில் அந்த ஒரு வரி பெரிதாக உதவியது. அவரிடம் இருந்த மற்ற பாஸ்போர்ட் போட்டோக்களில் இன்னும் இரண்டு பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டு, ஊருக்குத் திரும்பினார்கள் என்று பின்னால் தெரிந்தது.

நலக் குழுவினர் வந்து அந்தப் பிள்ளையை அரசு இல்லத்துக்கு அழைத்துப்போனார்கள். மூன்றாம் நாள் அவள் அம்மா ராத்திரி பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். மகளைக் கண்டதும் அவர் முதலில் செய்தது, முதுகில் ஒன்று வைத்ததுதான். பிறகுதான் கட்டிக்கொண்டார்.

அப்பாவுக்குப் பல நாள் பயம் இருந்தது. “ஊர்ல பகை வேணுமா நமக்கு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் ஒரு நாள் டீக்கடையில் யாரோ என்னைப் பற்றி ஏதோ சொல்ல, “பேப்பர பாத்தே புடிச்சிட்டாயா எம்பொண்ணு!” என்று அவர் சத்தமாகச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பேப்பரைப் பார்த்து அல்ல, பார்க்காமல் விட்டுத்தான் பிடித்தேன் என்று அவரிடம் இதுவரை சொல்லவில்லை. இதைப் படித்து யாராவது சொன்னால்தான் உண்டு.

அடுத்த வாரமே நான் ஒரு மாற்றம் கேட்டு வாங்கினேன். முதலில் கை கழுவ வேண்டும், பிறகுதான் சான்றிதழ். ஆறு மாதம் கழித்துத் தணிக்கைக்கு வந்த வெளிநாட்டுப் பெண்மணி, இந்த வரிசை மட்டும் ஏன் இங்கே மாறியிருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கண்மையை என் கையிலேயே வைத்து, கழுவிக் காட்டி விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. முழுவதையும் எழுதிக்கொண்டார். அடுத்த பதிப்புக் கையேட்டில் அது ஒரு வரியாக இடம்பெற்றது. எத்தனையோ நாடுகளில், எனக்குத் தெரியாத மொழிகளில், வேலை கேட்டு வருகிறவர்கள் முதலில் கை கழுவுகிறார்கள். அந்த வரியை மட்டும் எங்கள் கையேட்டுக்கு மொழிபெயர்க்க எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

அந்தப் பெண் கம்பெனி செலவில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். பதினெட்டு வயது ஆனதும் எங்கள் கம்பெனியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தோம். போன் செய்து, “வேலைக்கு வரலக்கா, கோவிச்சுக்காதீக. நான் காலேஜ் போறேன்” என்றாள். என்னை இப்படிச் சந்தோஷமாக யாரும் ஏமாற்றியதில்லை.

அவள் படிக்கும்போது நான் மட்டும் சும்மா இருக்கலாமா? குழந்தை உரிமைகள் பற்றிய அஞ்சல் வழிப் பட்டயப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். இடம் கிடைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை, முதல் நேரடி வகுப்பு நாளில், அசல்களோடு போய்ச் சேர்க்கை வரிசையில் நின்றேன். அலுவலர் என் சான்றிதழைப் புரட்டினார். இடது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம் என்ற இடத்துக்கு வந்ததும், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டிக் அடிக்கப் பேனாவை வைத்தார்.

“சார், ஒரு நிமிஷம்” என்றேன். சுடிதார் கையை மேலே ஏற்றிக்கொண்டு, அவர் மேசையில் என் கையை நீட்டினேன். “பாத்துட்டு அடிங்க.”

அவர் பார்த்தார். பிறகு அடித்தார். நேராக வகுப்புக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.