மேனிபோல்டை அகலமாக்கினேன்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அவளுக்கு வராது. அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த பிறந்த வீட்டுக்கு அவள் கிளம்பியபோதுகூடக் கதவைச் சத்தமில்லாமல்தான் சாத்தினாள். எண்பதுகளின் கடைசி அது, கல்யாணமாகி இரண்டாம் வருடம். நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பிட்டர். லீவு நாளெல்லாம் என்னுடைய பழைய காருக்கு அடியில்தான் கிடப்பேன். அன்றைக்குச் சினிமாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். கிரீஸ் கையோடு எழுந்து வந்தபோது படமே முடிந்திருக்கும். "நீங்க அந்தக் காரையே கட்டியிருக்கலாம்" என்றாள். நான் திருப்பிச் சொன்னதை எழுத மாட்டேன்.

பத்து நாள் கழித்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி அனுப்பினாள்: "அவிய வந்து கூப்பிட்டா வாரேன்."

உடனே போயிருக்க வேண்டும். ஆனால் அவளுடைய அண்ணன் என் வண்டியைப் பார்க்கும்போதெல்லாம், "மாப்ள, இதை எடைக்குப் போட்டா எம்புட்டுத் தேறும்?" என்று கேட்கிற ஆள். அவர் முகத்தில் போய்ச் சும்மா முழிப்பதா? தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி காரில் போய்த்தான் கூட்டிவருவேன் என்று வீம்பு பிடித்தேன்.

வண்டி மேட்டில் இழுக்காது. கார்பரேட்டரிலிருந்து காற்றும் பெட்ரோலும் கலந்து இன்ஜினுக்குள் போகிற வார்ப்புக் குழாய்தான் இன்டேக் மேனிபோல்டு. அதன் துவாரம் சிறுத்திருப்பதுதான் கோளாறு என்று முடிவு கட்டினேன். மில்லில் பஞ்சுத் தூசியை உறிஞ்சுகிற குழாய்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவன் வேறு எப்படி நினைப்பான்? அங்கே குழாய் குறுகினால் அடைக்கும், அகலமாக்கினால் தீர்ந்தது பிரச்சினை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. பெரிய பைப்பை வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்து, உள்ளே பிசிறை அரத்தால் ராவி மாட்டினேன். கூட வேலை பார்த்தவன் எட்டிப் பார்த்தான். "ஏலே, இதுக்குள்ள பூனையே போயிட்டு வரும் போலயே. மொதல்ல அந்தப் புள்ளையப் போயி கூட்டியாலே" என்றான். உன் சோலியைப் பார் என்றேன்.

ஒரு விடிகாலை சேத்தூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்த காலை எடுக்கவில்லை. வண்டி பறந்தது. அந்த நேரம் அவள் பக்கத்து சீட்டில் இல்லையே என்ற ஏக்கத்தில், வெட்கத்தை விட்டுச் சொன்னால், அழுதுவிட்டேன். காலி ரோட்டில் மெதுவாக ஓட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருக் கூட்டத்தில் வேகம் குறைந்ததும் இன்ஜின் இருமியது, அணைந்தது. நாலு பேர் தள்ளிக் கிளப்பினார்கள். அடுத்த முக்கில் மறுபடியும் அணைந்தது, மறுபடியும் தள்ளினார்கள். அகலக் குழாயில் காற்று மெதுவாகிவிட, பெட்ரோல் கலக்காமல் சுவரிலேயே ஒட்டிவிடுகிறது என்பது பிற்பாடுதான் எனக்கு விளங்கியது. அப்போது தெரிந்தது ஒன்றுதான். நிறுத்தினால் கிளம்பாது.

ரத வீதியில் அவள் வீடு. சத்தம் கேட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். கையில் துணிப்பை. பின்னால் அண்ணன். காலை எடுத்தேன், வண்டி குலுங்கியது. அவர் சிரிக்கப் போகிறார் என்று தோன்றிய அந்த நொடியில் மிதித்துவிட்டேன். அவளைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். இந்தத் தடவை நிறுத்திவிடுவது என்றுதான் வந்தேன். வாசலில் அண்ணன் மட்டும் நின்றிருந்தார். சிரிக்கவில்லை. நான் நேராக ராஜபாளையம் வந்துதான் காலை எடுத்தேன். அதற்கப்புறம் எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. பெரியவர்கள் கூடிப் பேசி எங்கள் உறவை அறுத்துவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கல்யாண வீட்டில் அவளைப் பார்த்தேன். "நல்லா இருக்கீங்களா?" என்று அவளாகவே கேட்டாள். அந்தக் குரலுக்கு எத்தனை வருடம் காத்துக் கிடந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். குழாய், காற்று, பெட்ரோல் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அன்று நிறுத்தியிருந்தால் வண்டி திரும்பக் கிளம்பியிருக்காது என்றேன். பொறுமையாகக் கேட்டாள்.

"கிளம்பாட்டி என்ன? ரெண்டு பேரும் பஸ்ஸுல வந்திருப்போம்ல" என்றாள்.

அது எனக்கு அன்று தோன்றவே இல்லை.