அடைக்கலசாமியை ஆதரித்த சபை

வரதராஜன்பேட்டை அடைக்கலசாமிக்கு 1941-இல் கண் போயிற்று. 1944-இல் ஆதரவு கிடைத்தது. முன்னதை அவர் ஒருவாறு சமாளித்துவிட்டார்.

முந்திரிக்கொட்டை வறுக்கும் வேலை அவருக்கு. ஒருநாள் சட்டி பொங்கி, கொட்டையின் எண்ணெய் இரண்டு கண்ணிலும் தெறித்தது. மனைவி அதற்கு முன்பே காலமாகியிருந்தாள். ஒரே மகளைத் திருமானூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. மிச்சமிருந்தது அடுத்த வீட்டு அமிர்தசாமி. அவர் தினம் பொழுது சாய வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சண்டை போடுவார். யார் ஆடு யார் வேலியை மேய்ந்தது, கோயில் மணி இன்று முந்தி அடித்ததா பிந்தி அடித்ததா என்று எதிலும் இருவரும் ஒத்துப்போனதில்லை. அடைக்கலசாமிக்கு அந்த நேரந்தான் பகல்.

இந்த நிலையில் ஊர்ப் பெரியவர்களுக்கு இரக்கம் வந்துவிட்டது. ஆரோக்கியசெல்வம் வாத்தியாரை அக்கிராசனராகவும் அமிர்தசாமியைக் காரியதரிசியாகவும் வைத்து, கண்ணிழந்தோர் ஆதரவு சபை உதயமாயிற்று. சபை என்றால் விதி வேண்டும். விதி எழுதி யாருக்கும் பழக்கமில்லை. ஆனால் ஊர் மாதா கோயில் பங்கில் ஏற்கெனவே நல்மரண சபை ஒன்று இருந்தது. இறந்தவர்களை முறையாக அடக்கம் செய்து அவர்களுக்காகச் செபிப்பது அதன் வேலை. ஆதரவு பெற்றவர்கள் ஒருவர்கூட இதுவரை அதன்மேல் குறை சொன்னதில்லை. இதைவிட நல்ல சான்று வேறென்ன? வாத்தியார் அந்த விதிகளை எடுத்து, 'இறந்தவர்' என்றிருந்த இடமெல்லாம் அடித்து 'கண்ணிழந்தவர்' என்று எழுதினார். யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடிய கரிவாயு பஸ்ஸில் திருச்சிக்குப் போய், பதிவுசெய்து, முத்திரையோடு திரும்பினார்கள்.

அன்று சாயங்காலம் அமிர்தசாமி கட்டிலில் உட்காரவில்லை.

"நாளையிலேருந்து பேச முடியாதுடா" என்றார்.

"ஏன், தொண்டை கட்டிக்கிச்சா?"

"விதி. சபையோரும் அவங்க குடும்பத்தாரும் கண்ணிழந்தவர் முன்னாடி பேசக்கூடாது. அவரைப் பத்தித் தீதாச் சொல்லக்கூடாது. ஞாயித்துக்கெழம தலமாட்டுல மெழுகுவத்தி ஏத்தி நிக்கணும்."

"நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"அதுக்கு விதி என்ன பண்ணும்? சீல் போட்டுட்டாங்க."

ஊரில் தலைக்கட்டு உள்ள எல்லோரும் தருமம் கருதிச் சபையில் சேர்ந்திருந்தார்கள். ஆகவே ஆதரவு முழுமையாக இருந்தது. அமிர்தசாமியின் மனைவி தெரசம்மாள் கூழைக் கொண்டுவந்து வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். தெருவில் அவர் கோல் சத்தம் கேட்டால் பேச்சு நின்றுவிடும். அடைக்கலசாமி போகிற இடமெல்லாம் ஊர் ஆளற்றுப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை இருவர் வந்து தலைமாட்டில் நிற்பார்கள். மெழுகு வாசனை வரும். மூச்சு கேட்கும். புகையிலை நெடியை வைத்து அதில் ஒருவர் அமிர்தசாமி என்று கண்டுகொள்வார்.

"ஏன்டா, மண்ணெண்ணெய் கெடைக்காத காலத்துல எனக்கு எதுக்குடா வெளிச்சம்? நீயே வச்சுக்க, ஒம் பொண்டாட்டி வைக்கிற கொழம்பக் கண்ணால பாத்தாவது தின்னு."

மெழுகு ஒரு சொட்டு தலையணையில் விழுந்தது.

"போன வாரம் எவன் ஆடுடா எம் முருங்கைய முறிச்சது? ஒன் ஆடுதானே? இல்லேன்னு சொல்லு பாப்போம்!"

மூச்சு பெரிதாயிற்று. அமிர்தசாமியிடம் ஆடே கிடையாது. இவ்வளவு பெரிய அவதூறையும் விதிக்காக விழுங்கிக்கொண்டு அவர் போனார். சபை அவரைப் பாராட்டித் தீர்மானம் போட்டது.

மழைக்காலத்தில் ஒருநாள் சபையின் பொதுக்கூட்டம் கோயில் பள்ளிக்கூடத்தில் நடந்தது. அடைக்கலசாமி சுவரைத் தடவித் தடவி அங்கே போய்ச் சேர்ந்தார். அவர் உள்ளே நுழைந்ததும் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அதற்கும் விதி இருந்தது: கண்ணிழந்தவர் கொண்டுவரப்படும்போது அனைவரும் எழுந்து மௌனம் காக்க வேண்டும். அவர் தானாகவே வந்தது விதி எதிர்பாராத ஒன்று. ஆனாலும் சபை நிதானம் இழக்கவில்லை.

அவர் ஒரு பெஞ்சைத் தேடி உட்கார்ந்தார்.

"வாத்தியாரய்யா, ஒங்க ஆதரவுல ஒரு கொறையும் இல்லீங்க. மெழுகுவத்தி வேணாம், கூழும் வேணாம். இந்த அமிர்தத்த மட்டும் பழையபடி சண்டைக்கு வுட்டுடுங்க. வாயத் தொறந்து கத்துனா போதும், நான் இருக்கேனா இல்லையான்னு எனக்கே தெரிஞ்சுடும். வூட்டுக்குள்ள நானே பேசி நானே பதில் சொல்லிப் பாத்தேன். ரெண்டு பேரும் ஒத்துப்போயிடுறோம்ங்க, சுவாரசியமே இல்ல."

இறந்தவர் கோரிக்கை வைத்தால் என்ன செய்வது என்று நல்மரண சபை யோசித்து வைத்திருக்கவில்லை. வாத்தியார் கையால் சாடை காட்டினார். செருப்பில்லாத கால்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. அமிர்தசாமி மட்டும் வாசற்படியில் நின்றார். நிற்பதற்கு விதி இருந்தது, திரும்புவதற்கு இல்லை. அவரும் போனார்.

அடைக்கலசாமி பேசிக்கொண்டே இருந்தார். இவ்வளவு பேர் பொறுமையாகக் கேட்பது அவருக்குத் தெம்பாக இருந்தது.

"எல்லாரும் போயிட்டாங்கங்க" என்றது ஒரு குரல்.

அவர் பக்கத்துப் பெஞ்சைக் கையால் துழாவினார்.

"யாரது?"

"பாப்பாத்திங்க. பள்ளிக்கூடம் கூட்ட வந்தேன்."

"நீ சபையில இல்லியா?"

"எங்க தெருவுல யாரையும் சேக்கலீங்களே."

"அப்ப நீ பேசலாம்" என்றார் அடைக்கலசாமி அவசரமாக. "ஒக்காரு, ஏதாச்சும் சொல்லு. நான் இல்லேங்கிறேன்."

"எனக்கு வேல கெடக்குதுங்க. கொஞ்சம் காலத் தூக்குங்க."

அவர் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். துடைப்பச் சத்தம் பெஞ்சுக்கு அடியில் போய், அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, காலை இறக்காமலே, இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டார்:

"வெளிய மழ விட்டுடுச்சா?"