நடக்கக் கூப்பிட்ட டாக்டரம்மா

டாக்டர் சண்முகத்தாய் இறந்த செய்தி வந்தபோது நான் மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்தேன். வெளியே சர்க்கரை மாத்திரைக்கு நீண்ட வரிசை. திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து, அவரோடு ஒரே வீட்டில் இருந்த தங்கை வேலம்மாள் போனில் பேசினாள். "அக்கா போயிட்டாக்கா" என்றாள்.  வரிசையில் முதலில் நின்ற கரிவலம்வந்தநல்லூர்ப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம டாக்டரம்மாவா?" என்று கேட்டார். டாக்டரம்மா புற்றுநோயில் படுத்திருந்தது சங்கரன்கோவிலுக்கே தெரியும். தலையை ஆட்டினேன். கடைசி ஆளுக்கும் மாத்திரை கொடுத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அவரை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். என்னிடம் இருப்பதை நான் சொல்கிறேன்.

எங்கள் சுகாதார நிலையத்துக்கு அவர் மாற்றலாகி வந்தபோது நான் அங்கே மருந்தாளுநராகப் பழம் தின்று கொட்டை போட்டிருந்தேன். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வந்த முதல் வாரமே ஜன்னலுக்கு வந்து, "கோமதி, நீ குடுக்கிற மாத்திரையப் பாதியாக் குறைக்கணும்" என்றார்.

"குறைச்சா என் வேலை போயிரும்லா?" என்றேன்.

"போனாப் போகட்டும். ரெண்டு பேருமா மார்க்கெட்ல பூக்கடை போடுவோம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மாத்திரையைக் குறைக்கும் எண்ணத்தில் விளையாட்டே இல்லை. இந்த ஊர்ப் பெண்கள் உட்கார்ந்தே வேலை செய்கிறவர்கள். பூக்கட்டுகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், தறிக்கு நூல் தார் சுற்றுகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், கடையில் கல்லாவில் இருக்கிறவர்களும் அப்படித்தான். ஆண்களாவது டீ குடிக்கவென்று பஜார் வரைக்கும் நடப்பார்கள். பெண்களை நடக்க வைக்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் பிடிவாதம்.

முதலில் குளத்துக்கரையைப் பிடித்தார். அதிகாரிகளிடம் நடையாய் நடந்து, கரையைச் சமப்படுத்தி, விளக்குப் போட வைத்து, நாலைந்து பெஞ்சும் வாங்கிவிட்டார். எல்லாம் சரியாகத்தான் போயிற்று. கடைசியில் ஆசையாக ஒரு போர்டு எழுதி வைத்தார்: 'சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கான நடைபாதை'. அன்றிலிருந்து அந்தப் பாதையில் ஆடுகள்தான் நடந்தன. எங்கள் ஊர் ஆடுகளுக்குச் சர்க்கரை வர வாய்ப்பே இல்லை.

"வெளிச்சம் இருக்கு, பெஞ்சு இருக்கு, ஏன் ஒருத்தியும் வரல?" என்று என்னிடம் வந்து புலம்பினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நானே வரமாட்டேன் டாக்டரம்மா. எனக்கும் சர்க்கரை இருக்கு. கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணும் இருக்கா. அந்த போர்டுக்குக் கீழ என்னையப் பாத்தா, 'ஆத்தாளுக்கு இருக்கு, நாளைக்கு மகளுக்கும் வரும்'னு சொல்ல மாட்டாவளா?"

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருமுன் விசாரிப்பார்கள். ஜாதகத்துக்கு முன்னால் விசாரணை. பெண்ணின் தாய்க்கு என்ன நோய் என்பதும் அதில் ஒன்று. அதனால் நான் சர்க்கரை மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் வைத்துத் தின்றுகொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுக்கிறவளின் கதை இது.

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "நானும் இந்த மண்ணுல பெறந்தவதானே, எனக்கு ஏன் தோணல?" என்றார். சாயங்காலமே ஒரு பெயிண்ட் டப்பாவோடு குளத்துக்கரைக்கு வந்துவிட்டார். ஸ்டூலில் ஏறி அவரே அந்த எழுத்தையெல்லாம் அழித்தார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, விழுந்து வைக்காதீர்கள் என்று திட்டிக்கொண்டே இருந்தேன். இறங்கி வந்து சொன்னார்: "நோய் பேரச் சொல்லிக் கூப்பிட்டா யாரு வருவா? ஆள் பேரச் சொல்லில்லா கூப்பிடணும்."

அந்த வருஷம் அம்மன் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்தது. கோயிலைச் சுற்றும் ஆடிச்சுற்று உங்களுக்குத் தெரியும். வேண்டுதலுக்கு நூற்றுக்கணக்கில் சுற்றுகிறவர்களும் உண்டு. டாக்டரம்மாவும் நானும் சாமி கும்பிடப் போயிருந்தோம். குருவிகுளத்துக்காரி ஒருத்தி எங்களைத் தாண்டி விறுவிறுவென்று போனாள். முட்டு வலி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட நடக்க முடியாது என்று மாதாமாதம் எங்களிடம் அழுகிறவள். எங்களைக் கண்டதும் திருடி மாதிரி நின்றுவிட்டாள். டாக்டரம்மா திட்டவில்லை. "எப்படித்தா இவ்வளவு நடக்க?" என்று மட்டும் கேட்டார்.

"இது அம்மனுக்கு நடக்கேன் டாக்டரம்மா. எனக்காவவா நடக்கேன்?"

அவள் போன பிறகும் டாக்டரம்மா அந்த இடத்திலேயே நின்றார். மறுநாள் இந்தக் கதையைக் கேட்ட ஒருவர், "அப்ப தினமும் நடக்கிறதையும் வேண்டுதல்னு சொல்லிருங்களேன்" என்று யோசனை சொன்னார். "சாமி பேரச் சொல்லி ஏமாத்த மாட்டேன். அதோட, ரஹ்மத்தும் வரணும்லா?" என்று டாக்டரம்மா மறுத்துவிட்டார். ரஹ்மத் என் அடுத்த வீட்டுக்காரி.

பிறகு வீடு வீடாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டார்: "என்ன இருந்தா நடப்பிய?" ஒருத்தி நாயைப் பிடிக்கச் சொன்னாள். ஒருத்தி ஒதுங்க ஓர் இடம் கேட்டாள். குடித்துவிட்டு மதகில் உட்காருகிறவர்களை எழுப்பச் சொன்னாள் இன்னொருத்தி. ஒவ்வொன்றுக்கும் அலைந்தார். சிலது நடந்தது, சிலது இன்றுவரை நடக்கவில்லை. ஆனால் எல்லாருமே சொன்னது ஒன்றுதான்: தனியாகப் போக மாட்டோம், கூப்பிட ஆள் வேண்டும்.

அப்படித்தான் எங்கள் கூப்பாடு ஆரம்பித்தது. விடிந்தும் விடியாமலும் டாக்டரம்மா என் வாசலுக்கு வந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். நான் ரஹ்மத்தைக் கூப்பிட வேண்டும். ரஹ்மத் அடுத்த வீட்டை. கூப்பிட்டவளுக்கு வீட்டுக்குத் திரும்ப வழி கிடையாது; கூப்பிடப்பட்டவளுக்குச் சாக்குச் சொல்ல வாய் வராது. நாங்கள் யாரும் நடைப்பயிற்சி என்ற வார்த்தையைச் சொன்னதே இல்லை. "வா" என்போம், அவ்வளவுதான். இரண்டு தெரு சேர்ந்து குளத்துக்கரைக்குப் போனோம். கொண்டவன் புராணமும் மாமியார் புராணமும் பாடிக்கொண்டு நடந்தால் தூரம் தெரியாது.

அப்போதுதான் என் மகளுக்கு ராஜபாளையத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா முந்தின நாளே ஊருக்கு வந்து உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்திருக்கிறார். காலையில் குளத்துக்கரையில் எங்களைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் எங்க போறிய?" என்று கேட்டார். போட்டோவில் பார்த்திருந்ததால் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. டாக்டரம்மாவுக்கு அவர் யாரென்று தெரியாது. "எனக்குப் பிரஷர், இவளுக்குச் சர்க்கரை. அதான் நடக்கோம், நீங்களும் வாங்க" என்றார் கலகலவென்று. அந்தச் சம்பந்தம் நின்றுபோயிற்று. நட்சத்திரம் சேரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். நான் அதை நம்பவில்லை.

டாக்டரம்மாவிடம் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. என் பிள்ளையின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டீர்கள் என்றுகூடச் சொன்னேன். அவர் மன்னிப்பு மட்டும் கேட்டார். மறுநாள் காலையில் வழக்கம்போல வாசலில் நின்று, "கோமதி" என்றார். நான் கதவைத் திறக்கவில்லை. அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். ஆஸ்பத்திரியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவளை விடியற்காலையில் எந்த முகத்தோடு கூப்பிடுகிறார் என்று எரிச்சலாக வரும். ஒருநாள் ஜன்னல் வழியாகவே கத்தினேன்: "உங்களுக்கு வெக்கமே இல்லையா டாக்டரம்மா?"

"கூப்பிடுதது என் வேலை. வாரது உன் இஷ்டம்" என்றார். குரலில் கோபமே இல்லை.

கதவைத் திறந்தது நான் அல்ல, என் மகள். "நீ போம்மா. ஒனக்குச் சர்க்கரைன்னு ஓடிப்போறவுக வீட்டுக்கு நான் வாழப் போகவா? நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா பாப்பாவுகளா?" என்று என் செருப்பை எடுத்துப் போட்டாள். நான் அழுதுகொண்டே நடந்தேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். 

என் மகளுக்குப் பிறகு நல்ல இடம் அமைந்தது. எல்லாவற்றையும் சொல்லித்தான் கொடுத்தோம். எனக்கு மாத்திரை நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. கால் மரத்துப்போவது நின்றது. மாத்திரை அரிசி டப்பாவிலிருந்து அலமாரிக்கு வந்தது. இதற்கெல்லாம் அவர் உயிரோடு இருந்தபோது நான் ஒழுங்காக நன்றி சொன்னதில்லை. சொன்னால், "சரி சரி, வேகமா நட" என்பார்.

அவரை எடுத்துக்கொண்டு போன அன்று, பந்தலில் ஒரு பெரிய மனிதர், "அவ்வளவு நடந்து என்னத்தக் கண்டா? சின்ன வயசுலயே போயிட்டால்லா" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. சாகாமல் இருப்பதற்கு நடக்கச் சொன்னார் என்றா நினைத்தீர்கள் அண்ணாச்சி? இருக்கிற நாளில் மாடிப்படி ஏறவும் பேரப்பிள்ளையைத் தூக்கவும் நடக்கச் சொன்னார். அவர் என்னத்தைக் கண்டார் என்பது தெரியவேண்டுமானால் விடியற்காலையில் குளத்துக்கரைக்கு வந்து பாருங்கள்.

இப்படி நான் வீறாப்பாக எழுதினாலும், மறுநாள் காலையில் எங்கள் தெருவில் ஒருத்தியும் வெளியே வரவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் விடியற்காலையில் போனில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்த முதல் குரல் இல்லை என்றால் அடுத்த குரல் எப்படி எழும்பும்? இரண்டு நாள், மூன்று நாள். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷப் பாடும் இத்தோடு முடிந்ததா என்று பயமாக இருந்தது.

நான்காம் நாள் இருட்டுப் பிரியும்போது எழுந்து டாக்டரம்மா வீட்டுக்குப் போனேன். சாவு விழுந்த துட்டி வீட்டிலிருந்து புறப்படும்போது 'போயிட்டு வாரேன்' என்றுகூடச் சொல்ல மாட்டோம். அந்த வீட்டு ஆட்களை எங்கேயும் கூப்பிடவும் மாட்டோம். தெரிந்துதான் போனேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: ஏச்சு வாங்கினாலும் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிற வெட்கங்கெட்ட அன்பு.

"வேலம்மா" என்றேன்.

வேலம்மாள் கதவைத் திறந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "என்னக்கா இந்நேரம்?"

"வா."

"பதினாறு முடியலயேக்கா. ஊர் ஏசாதா?"

"ஏசும். கூப்பிடுதது என் வேலை, வாரது உன் இஷ்டம்."

வேலம்மாள் கண்ணைத் துடைத்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு படியிறங்கி, எனக்கு முன்னால் நடந்து போய், ரஹ்மத் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டாள்.