இரண்டு வீட்டு நாய்

அப்பா இறந்த பிறகு வீட்டைப் பாகம் பிரித்தபோது கூடத்தின் நடுவே சுவர் எழுந்தது. அந்தப் பக்கம் அண்ணனுக்கு, இந்தப் பக்கம் எனக்கு. அன்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிவிட்டதில், அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சே நின்றுபோனது. அப்பா வளர்த்த நாயைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அது இரவில் என் வீட்டில் படுக்கும். மதியம் அண்ணன் தறியை விட்டு எழும் நேரத்துக்குத் தெருவழியாகச் சுற்றிப் போய் அவர் வீட்டில் சாப்பிடும்.

போன ஐப்பசி மழையில் அதன் பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. பார்வை முன்பே போயிருந்தது. தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து ஊட்டினேன். படுத்த பக்கம் புண்ணாகாமல் புரட்டிப் போட்டேன். மனைவி பழைய வேட்டிகளைக் கிழித்து அடியில் விரிப்பாள், நனைந்ததைத் துவைத்து மாடியில் போடுவாள். இதெல்லாம் பழகிவிட்டது. மதியம்தான் பழகவில்லை. அண்ணன் வீட்டில் தறிச் சத்தம் நின்றதும் நாய் தலையைத் தூக்கும். வாசல் பக்கம் உடம்பை இழுத்துப் பார்த்து, முடியாமல் முனகும்.

"இத பாத்துக்கினு எப்டிங்க சும்மா இருக்கீங்க? தூக்கிக்கினு போய் அவரு வாசல்ல விடுங்க," என்றாள் மனைவி.

போனேன். அண்ணன் கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்காமல் நாயை வாங்கி மடியில் கிடத்திக்கொண்டார்.

"காது கேக்குதா இதுக்கு?"

"கேக்குதுண்ணா. கண்ணுதான் தெரியல."

அன்றிலிருந்து மதியம் தோறும் தூக்கிக்கொண்டு போய் அவரிடம் விட்டுவந்தேன்.

தை மாதம் இடுப்பில் புண் வந்தது. இருவருமாக ஆட்டோ பிடித்து மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். "இனிமே எழுந்துக்காது. ஊசி போட்டா வலியில்லாம போயிடும். யோசிச்சு சொல்லுங்க," என்றார் டாக்டர்.

"போட்டுடலாம்பா. இது படற பாட்ட பாக்க முடியல," என்றார் அண்ணன்.

"வேணாண்ணா. இன்னும் சாப்புடுதே."

"நீ எப்பவும் இப்டித்தான். நான் ஒண்ணு சொன்னா நீ வேற சொல்லுவ."

பழைய கோபம் அவர் குரலில் அப்படியே இருந்தது. எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது, அடக்கிக்கொண்டேன். திரும்பும்போது நாய் எங்கள் இருவர் மடியிலும் நீளமாகக் கிடந்தது. ஆட்டோ எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது, "சரி. சாப்புடற வரைக்கும் பாப்போம்," என்றார் அண்ணன்.

சில வாரங்கள் சாப்பிட்டது. பிறகு, தண்ணீரைக்கூட நாக்கால் தொடவில்லை. நானே அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"ண்ணா, டாக்டர கூப்புட்டுடலாமா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

டாக்டர் வந்து ஊசி போட்டபோது அதன் தலை அண்ணன் மடியில் இருந்தது. என் கை அதன் விலாவில். மூச்சு மெலிந்து மெலிந்து, கைக்கு எதுவும் தட்டாமல் போனது. டாக்டர் தலையசைத்தார். அண்ணன் அதன் காதை நீவிக்கொண்டே இருந்தார்.

ஊருக்கு வெளியே ஓரிக்கையில் அண்ணியின் அண்ணன் நிலத்தில், வேப்பமரத்தடியில் புதைத்தோம். மாறி மாறிக் குழி வெட்டினோம். திரும்பி வந்ததும் என் வீட்டுக்குள் நுழையப் போனேன். அண்ணி வாசலில் நின்றிருந்தாள்.

"நம்ம வீட்டுக்கு வாப்பா. கை கால கழுவிக்கினு ரெண்டு பேரும் சாப்புடுங்க. காலைல இருந்து ஒண்ணும் சாப்புடல."

பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் சொம்பை எடுத்து என் தட்டில் மோர் ஊற்றினார்.

"கரைச்சு குடிச்சுடு," என்றார்.