சந்தைக் கழிப்பறையின் பூட்டு

மேயராவதற்கு முன்னால் அவள் இருபது வருஷம் சந்தையில் காய்கறி விற்றவள். காலையில் கடை விரித்தால் பொழுது சாயும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். குடித்தால் ஒதுங்க இடம் கிடையாது. அந்த ஆத்திரத்தில்தான் தேர்தலில் நின்றாள், ஜெயித்தாள், ஆணையரோடு மல்லுக்கட்டிச் சந்தைக்கு ஒரு கழிப்பறை கட்ட வைத்தாள்.

திறந்துவைத்துச் சில மாதம் கழித்து, யாரிடமும் சொல்லாமல் போய்ப் பார்த்தாள். கதவில் பூட்டு தொங்கியது. காவலாளி பதறிக்கொண்டு ஓடிவந்தான்.

"உள்ள பாருங்கம்மா, கண்ணாடி மாதிரி வெச்சிருக்கோம். நீங்க வர்றப்ப அழுக்கா இருக்கக் கூடாதுன்னு, யாரையும் விடாதேன்னுட்டாரு ஆணையர்."

"நான் வந்து பார்த்துட்டுப் போறதுக்கா இதைக் கட்டினேன்?"

பக்கத்துப் பழக்கடைக்காரி, அவளுடைய பழைய கூட்டாளி, தலையைக்கூடத் தூக்கவில்லை. "விடுக்கா. நமக்குத்தான் அடக்கிப் பழக்கமாச்சே" என்றாள்.

அது சுருக்கென்று தைத்தது. பூட்டையும் சாவியையும் பிடுங்கிக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனாள். அங்கே எல்லோருக்கும் இருந்த ஒரே கழிப்பறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆணையர் விழுந்தடித்துக்கொண்டு வந்து, "என்னம்மா இது?" என்றார்.

"சுத்தமா இருக்கட்டும்னுதான் சார். அவசரம்னா சந்தையில ஒண்ணு திறந்திருக்கு, போய்ட்டு வாங்க."

மதியக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் தண்ணீர் வைத்திருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆணையர் தம்ளரைத் தொடவேயில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை அவர் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.

"குடிங்க சார்" என்றாள்.